லோரி பெல்ட் ஆசனம்

அப்பாவின் வலது கால் ஜன்னல் கிரில்லில் கட்டியிருந்தது. இடது காலில் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை காலை. போர்ச்சில் வேறு யாரும் இல்லை. இடம் வேண்டும் என்று காரைக்கூட ரோட்டில் நிறுத்தியிருந்தார்.

"வாணி, இங்க வா. சத்தம் போடாம வா."

நான் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் சும்மா இருப்பவள். எதற்குக் கூப்பிட்டாலும் நான்தான் போக வேண்டும்.

"என்னப்பா இது?"

"நடராஜாசனம்."

நடராஜர் காலை முன்னால் தூக்குவார். அப்பாவுடையது பின்னால் போயிருந்தது. கணுக்காலில் ஒரு மஞ்சள் பெல்ட். லோரியில் சாமான் சரியாமல் இறுக்கிக் கட்டுவார்களே, அது. அப்பா மேரு டவுனில் ஒரு லோரிக் கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த பெல்ட்டில் ஒரு பிடி இருக்கும். ஆட்ட ஆட்ட இறுகும். அப்பா ஆட்டியிருக்கிறார். இறுக இறுகக் கால் மேலே போயிருக்கிறது. காலோடு சேர்ந்து பிடியும் மேலே போயிருக்கிறது. இப்போது அது அவர் முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

"அவுத்து விடு. அம்மா வந்துடுவா."

அதுதான் பிரச்சினை. கால் இல்லை. அம்மா.

அம்மா இரண்டு வருஷமாக பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் யோகா படிக்கிறார். இப்போது எங்கள் தாமான் குடியிருப்பு ஆன்டிகளுக்குச் சனிக்கிழமைகளில் போர்ச்சில் கிளாஸ் நடத்த ஆசைப்பட்டார். அப்பா முடியாது என்றார். போர்ச் காருக்கு. வெயிலில் நின்றால் பெயின்ட் போய்விடும். அது ரொம்பப் பழைய கார். போக வேண்டிய பெயின்ட் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"தலகாணி, கட்டை, நாற்காலி, வாரு. இதெல்லாம் வச்சுக்கிட்டுப் பண்றது யோகாவா? வீடு மாத்துற மாதிரி இருக்கு."

"நீங்க எதுவும் இல்லாமப் பண்ணுவீங்களா?"

"சனிக்கிழமைக்குள்ள பண்ணிக் காட்டுறேன். எந்த ஆசனம்னு நீயே சொல்லு. பண்ணிட்டா கிளாஸ் கிடையாது."

"பண்ணாட்டி?"

"போர்ச் உனக்கு லா."

அம்மா போனில் இந்த ஆசனத்தின் படத்தைக் காட்டினார். "நானே இன்னும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் பண்றேன்" என்றும் சொன்னார். அதை அப்பா காதில் வாங்கவில்லை.

நான் பிடியை இழுத்தேன். டக். கால் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? முதுகைக் காட்டிக்கிட்டு இந்தப் பக்கம்னா எனக்கு என்ன தெரியும்?"

டக்.

"நீ எதையும் தொடாத, கண்ணு."

அப்பா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா சுருட்டிய மேட்டோடு வந்தார். ஆச்சரியப்படவில்லை. புஸ்பாகோமில் லோரியைப் பரிசோதிப்பதுபோல அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இடுப்பு வெளிய திரும்பியிருக்கு. நேரா வைங்க. நிக்கிற முட்டியைப் பூட்டாதீங்க, லேசா மடக்குங்க."

"லோகா, முதல்ல அவுத்து விடு."

"கோணலா நிக்கும்போது சட்டுன்னு அவுத்தா முதுகு பிடிச்சுக்கும். கை ஊன்ற நாற்காலி தரட்டா?"

அப்பா கேட்டைப் பார்த்தார். இடது கால் நடுங்கியது.

"நாற்காலி வேணுமா, வேணாமா?"

"கொடு."

"நாற்காலி தாழ்வா இருக்கு. மேல கட்டை வைக்கவா?"

"வை."

"காலுக்குக் கீழ போர்வை?"

"வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் கொண்டு வா."

அம்மா நிதானமாக ஒவ்வொன்றாக வைத்தார். அப்பாவின் இடுப்பு நேரானது. பார்க்கக் கொஞ்சம் ஆசனம் மாதிரியே இருந்தது.

"யோகா வாரைக் கையிலதான் பிடிக்கணும். வலிச்சா விட்டுடலாம். இதை யாரு விடுறது?"

"இது யோகா சாமான் இல்ல. லோரி சாமான்."

"லோரில இருந்தா லோரி சாமான். உங்க கால்ல இருந்தா யோகா சாமான்."

சொல்லிக்கொண்டே அம்மா பிடியைத் தூக்கி எதையோ அழுத்தினார். முதல் தடவையிலேயே பெல்ட் தளர்ந்தது. கால் மெதுவாக இறங்கியது.

"உனக்கு எப்படி இதை அவுக்கத் தெரியும்?"

"புதன்கிழமை கார் பூட்ல இந்த பெல்ட்டைப் பார்த்தேன். யூடியூப்ல பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"பார்த்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா கேப்பீங்களா?"

கேட்டைத் திறந்துகொண்டு எதிர்வீட்டு உஷாராணி ஆன்டியும் கோடி வீட்டு ரிஸ்வானா அக்காவும் வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் புது மேட்.

"லேட் ஆயிடுச்சா லோகா? எட்டு மணின்னுதானே சொன்னே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எப்ப சொன்னே?"

"புதன்கிழமை."

அம்மா அப்பாவை மேட்டில் படுக்க வைத்து, முட்டிக்குக் கீழே தலகாணியைத் தள்ளினார். ஆன்டிகள் முதல் பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா படுத்தபடியே கேட்டைப் பார்த்தார். கேட் திறந்து கிடந்தது. கார் ரோட்டில் நின்றது. சாவி பாக்கெட்டில் இருந்தது. மேட்டெல்லாம் விரிப்பதற்குள் காரை உள்ளே கொண்டுவந்துவிட்டால் போர்ச்சில் கிளாஸுக்கு இடம் இருக்காது. அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

சில வாரங்கள் ஆகியும் கார் இன்னும் ரோட்டில்தான் நிற்கிறது. அப்பாவால் குனிந்து அதில் ஏற முடியவில்லை. இடுப்பில் வலிக்கு ஒட்டிய பிளாஸ்டர். எனக்கு லைசென்ஸ் இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை கிளாஸ். மற்ற நாட்களில் மறந்துவிடுகிறார். இப்போது கிளாஸில் ஒன்பது பேர்.

அன்றைக்கு அம்மா சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். கொஞ்ச நேரம் படுத்திருங்க. அப்புறம் பக்கமா ஒருக்களிச்சு, கையை ஊன்றி, மெதுவா எழுந்திரிங்க.

அப்பா நேராக எழுந்தார்.