குப்பிக்குப் பிடித்த குடை

மீட்டர் காட்டும் அளவை ஆய்வகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு முன், மீட்டர் இருக்கும் குழாயிலேயே நீர் பிடித்து உடனே சோதிக்க வேண்டும் என்பது விதி. நெய்யாற்றின் இரு கரைகளிலும் அந்த 'உடனே'யைப் படித்திருந்த ஒரே ஜீவன், எங்கள் குடிநீர் நிலைய ஆபரேட்டர். பெயரும் அதுவே ஆயிற்று: உடனே அண்ணாச்சி.

தொண்ணூறுகளில் பாறசாலைக்குப் பக்கத்து நிலையத்தில், ஓடும் நீரின் குளோரினை இடைவிடாமல் அளக்கும் புது மீட்டர் வந்தது. ஆய்வகமோ நெய்யாற்றின்கரையில், நான் தலைமை எழுத்தராக இருந்த அலுவலக மாடியில். சோதனைக்கு நீர் பிடித்த குப்பி பேருந்தில் ஜன்னலோரம் வெயில் காய்ந்து வரும். மீட்டர் சொன்னதில் பாதியைத்தான் ஆய்வகம் சொல்லும்.

"மீட்டர் பொய் சொல்லுது. அளவைக் குறைக்கத் திருகைத் திருப்பும்!" என்றார் எஞ்சினியர்.

"மாட்டேன் சாரே! வெயிலு பட்டா குப்பியில உள்ள குளோரின் போவும். மீட்டரைக் குறைச்சா நீங்க மருந்தைக் கூட்டுவிய. ஊரே மூக்கைப் பொத்திட்டுத் தண்ணி குடிக்கணும் ஆக்கும்! குழாயடியில சோதிப்போம்."

"சோதனை ஆய்வகத்திலதான். அதும் ரூல் தன்னே!"

உண்மை. அதே புத்தகம், அடுத்த பக்கம். அண்ணாச்சி தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுமதி கேட்டார். பதில் இல்லை. நினைவூட்டினார். நினைவூட்டலையும் நினைவூட்டினார்.

இதற்கிடையே குப்பியைக் கறுப்புத் துணியில் சுற்றித் தாமே கொண்டுவந்தார், பேருந்துக்குள்ளும் குடை விரித்து.

"அண்ணாச்சி, உள்ள மழையா பெய்யுது?" என்றார் கண்டக்டர்.

"வெயிலு படப்பிடாது மக்கா. குப்பிக்கு இடம் குடு, நான் நிக்கியேன்."

ஆய்வக அளவு மீட்டரை நெருங்கியது. எஞ்சினியர் நெருங்கவில்லை. "திங்கக்கிழமை நானே வந்து திருப்புவேன். உமக்குக் காட்டாக்கடைக்கு மாற்றல்!"

திங்களன்று அவர் ஜீப் கிளம்பியபின் தலைமை அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. பிரித்தேன். குழாயடியிலேயே சோதிக்கலாம், அதுவரை திருகைத் தொடக்கூடாது!

அனுமதி பெறாமல் அலுவலகத்தை விட்டு நான் ஓடியது அன்றுதான். பேருந்திலிருந்து இறங்கினால் கொட்டும் மழை. நிலையத்தில் எஞ்சினியர் கையில் ஸ்க்ரூடிரைவர். அண்ணாச்சி மீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். குழாயடியில் நீர் பிடித்து அங்கேயே சோதித்தார்கள். மீட்டரும் குப்பியும் ஒரே அளவைச் சொல்லின!

"எனக்கு முதல்லயே சந்தேகம் உண்டு" என்று ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார் எஞ்சினியர்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "சாரே, கையில குடை இருந்தும் இப்படி நனைஞ்சிட்டு வந்திருக்கிய?"

குடையைக் கடிதத்துக்குப் பிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதினேன்: அண்ணாச்சிக்குப் பதில் வந்தது, ஆவணி முதல் தேதி.