மூன்று முறைகளும் ஒரு கல்யாணமும்

விழுந்தபின் தள்ளியவர் யார் என்று கண்டுபிடிப்பதே மனிதகுலம் எட்டிய மகத்தான கலை. அதற்காக ஒரு கல்யாணமே காத்திருந்தது என்றால் அதன் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே அலுவலகத்தில் நிரல் எழுதும் அவனிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்று பேசியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“கல்யாணத்துக்கு லீவு எப்போ கேக்கலாம்?” என்று கேட்டாள்.

“கர்னல் ஒரு வாரம் விழாம நிக்கட்டும். மேனேஜர் தானாவே கையெழுத்துப் போட்டுடுவார்.”

கர்னல் என்பது கணினி இயங்குதளத்தின் அஸ்திவாரம். அதில் ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும், அது வேறொன்றை. நடுவில் ஒன்று சுருண்டு விழுந்தால், யாரை யார் அழைத்தது என்று பின்னோக்கிப் போகவேண்டும். எப்படிப் போவது என்பதில்தான் வந்தது வினை.

அவன் ‘சுட்டிக் கட்சி’. ஒவ்வொரு அழைப்பிலும் வந்த வழியைச் சுட்டும் குறிப்பை எழுதிக்கொண்டே போகவேண்டும். வேகம் கொஞ்சம் குறையும், வழி தப்பாது. அவள் ‘அட்டவணைக் கட்சி’. ஓடும்போது நிம்மதியாக ஓடட்டும். விழுந்தால் பார்க்க ஓர் அட்டவணை போதும், நினைவகத்தில் இடம் போனால் போகட்டும்.

“என்னிக்கோ விழப்போறதுக்கு தினமும் நொண்டணுமா?”

“உன் அட்டவணையே தப்பா இருந்தா யார்கிட்ட போய் அழுவே?”

அடுத்த மேஜைக்காரர்கள் இவர்களுக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்றே நம்பினார்கள்.

மேனேஜர் பெருந்தன்மையானவர். யார் மனமும் நோகக்கூடாதென்று ‘ஊகமுறை’யையும் சேர்த்தார். நினைவகத்தில் நிரலின் முகவரிபோலத் தெரிவதையெல்லாம் அள்ளி, சந்தேகமானதற்குக் கேள்விக்குறி போடும் முறை அது. மூன்றையும் ஒன்றாக ஓட்ட ‘நல்லிணக்கம்’ என்ற நிரலைத் தம் திருக்கரத்தாலேயே எழுதினார். கர்னல் நன்றாக இருக்கும்போதும் அது அடிக்கடி நாடிபிடித்துப் பார்க்கும்.

எப்போதாவது விழுந்த கர்னல் அன்றுமுதல் தவறாமல் விழுந்தது. கூட்டமும் தவறாமல் நடந்தது. எந்த முறையின் அறிக்கையை நம்பலாம் என்று விவாதித்தார்கள். அறிக்கையைப் படிப்பது அவசரக்காரர்கள் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

அவள் படித்திருந்தாள். அவனும்தான். லீவுக்குக் கையெழுத்துப் போடவேண்டியவரிடம் அதை எப்படிச் சொல்வது?

இன்று காலை அம்மா போன் செய்தாள். “ஹால்காரர் கடைசியா கேக்கறார்டி. சாயங்காலத்துக்குள்ள கல்யாணத் தேதி சொல்லலைன்னா வேற ஜோடிக்குக் குடுத்துடுவாராம்!”

கூட்டத்தில் மேனேஜர் தொண்டையைச் செருமினார். “மூணு முறையும் இன்னும் ஒத்துப்போகலை. ஒரு துணைக்குழு போடலாம்.”

அவள் எழுந்தாள். “ஒத்துப்போகுது சார். மூணு அறிக்கையிலயும், எந்த நிரல்ல விழுந்ததுன்னு சொல்ற முதல் வரி ஒண்ணுதான்.”

“கேள்விக்குறிகூட இல்லை சார்,” என்று அவனும் எழுந்தான். இரு கட்சிகளும் கூட்டணி சேர்ந்ததை அறையே திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை எழுத்துக்கூட்டி வாசித்தார். “நல்... லி... ணக்கம்.”

“இத்தனை நாளும் தள்ளிவிட்டது, யார் தள்ளினதுன்னு தேடற நம்ம நிரல்தான் சார்,” என்றாள் அவள். “அதை எடுத்துடுங்க. நாங்க கல்யாணம் பண்ணிக்கணும்.”