நாலாம் நம்பர்

எதையும் பிசகில்லாமல் செய்தே ஆகவேண்டும் என்ற என் வியாதிக்கு ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம் வாங்கிப் படித்தேன். உடைந்தது அப்பாவின் கால்.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ. வேலை விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டதற்காக இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவள். புத்தகம் சொன்னது: தினமும் ஒரு வேலையை அரைகுறையாக விடுங்கள், வானம் இடிந்து விழாது. உடனே அரைகுறையாக விடவேண்டிய இருபது வேலைகளைப் பட்டியல் போட்டேன். (கையெழுத்து கோணியதால் இரண்டு முறை திருப்பி எழுதினேன்.)

மலைமேல் அரியூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகு உண்டு. மரத்தில் படர்ந்த கொடியில் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. எடை குறைந்த நான் முதலில் ஏறி, ஏணியின் உச்சியை மரத்தோடு கட்டி, முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவேன். பிறகு அப்பா ஏறுவார். பட்டியலில் நான்காவது: முடிச்சை ஒரே முறை இழுத்தால் போதும்.

அன்று ஒரே முறை இழுத்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது.

வானம் விழவில்லை. எட்டிப் பறித்த அப்பா, ஏணியோடு விழுந்தார்.

ஜீப்பில் மலை இறங்கும்போது வளைவுக்கு ஒருமுறை முனகினார். வளைவு எழுபது. எண்ணிக்கொண்டே வந்தேன். (எனக்கு வேறென்ன தெரியும்?)

"எப்படிம்மா விழுந்தார்?" என்றார் டாக்டர்.

"கயிறு அறுந்துருச்சுங்க."

அப்பா என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காலில் கம்பி வைத்த மூன்றாம் நாள், "புதுக் கயிறு இத்துப்போகுமா? அவன் நல்லா இருப்பானா?" என்று சேந்தமங்கலத்துக் கயிற்றுக்கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினார் அம்மா. அதற்குமேல் முடியவில்லை. "கயிறு அறுந்து போகலீங்கம்மா, முடிச்சுதான் அவுந்துருச்சு" என்று சொல்லி, பட்டியலை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ஏங்கண்ணு, நான் நாலாவதா?"

"ஆமாங்கப்பா."

"மூணாவது, துணிக்கு இஸ்திரி போடாம உடறது. அன்னிக்கு அதையச் செஞ்சு தொலைச்சிருக்கலாமில்ல, சாமி?"

அம்மா சிரிக்கவில்லை. முகம் கோணுவதைப் பற்றிக் கவலைப்படாமல் முதன்முறையாக அழுதேன்.

கால் கூடியது, ஒரு விரல்கடை குட்டையாக. யாராவது விசாரித்தால், "நாலாம் நம்பருங்க" என்பார்.

இப்போது பறிப்பதும் நான்தான், இஸ்திரி போடாத சட்டையோடு. நான் முடிச்சை இழுக்கும்போது கீழே நின்று அப்பா உரக்க எண்ணுவார்: "ஒண்ணு... ரெண்டு..."

மூன்றை எண்ணமாட்டார். தடியால் தன் காலைத் தட்டுவார்.