பேச்சு தீர்ந்துபோன கல்லூரி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் வாயையே திறக்க விடாமல் ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்த பெருமை, வட இங்கிலாந்தில் டீஸ் ஆற்றங்கரையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கல்லூரியையே சேரும்.

குலிசாருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வலது விலாவுக்குக் கீழே இரண்டு வருடமாகக் குத்தும் வலியை டாக்டரிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் கணவன் செர்ஹாத். அவள் குர்து மொழியில் ஐந்து நிமிடம் கையை ஆட்டி, "கத்தியை விட்டுத் திருகுற மாதிரி இருக்கு, எண்ணெய்ப் பண்டம் தின்னா முதுகு வரைக்கும் பாயுது" என்பாள். செர்ஹாத் டாக்டர் பக்கம் திரும்பி, "லேசா வயித்து வலிங்க" என்பான். டாக்டரும் லேசாக ஒரு மாத்திரை எழுதுவார்.

"இவ்வளவுதானா சொன்னே?"

"சுருக்கமாச் சொன்னேன். வேலைக்கு நேரமாச்சு."

அரசாங்கச் செலவில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் செர்ஹாத்தை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். நிதி அதிகாரி பிளென்கின்சாப் எழுந்து நின்று வரவேற்றார்.

"பேச்சுக்கு ஒரு சான்றிதழ், எழுத்துக்கு ஒரு சான்றிதழ், நிதியும் தனித்தனி. பேச்சு அக்டோபர்லயே தீர்ந்துபோச்சு. எழுத்து ஏகப்பட்டது மிச்சம் இருக்கு. கோடைக்குள்ள செலவழிக்கலேன்னா திரும்ப எடுத்துக்குவாங்க. ஆகவே இவங்க எழுதலாம்."

"என்ன சொல்றாரு?" என்றாள் குலிசார்.

"சேத்துக்கிட்டாராம்."

முதல் நாள் வகுப்பில் நுழைந்து, பாடமாக்கி வைத்திருந்த காலை வணக்கத்தைச் சொன்னாள். ஆசிரியை ஹேசல் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு, அது பேச்சு. நமக்கு அனுமதி இல்ல. எழுதிக் காட்டு" என்று பலகையைக் காட்டினாள். குலிசார் எழுதினாள். இருபது பேரும் பதில் வணக்கத்தை எழுதிக் காட்டினார்கள். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"எங்க ஊர்க் கல்லறையிலகூட இதைவிடச் சத்தம் இருக்கும்க்கா" என்று தன் மொழியிலேயே முணுமுணுத்தான் பக்கத்து இருக்கை ஒஸ்தாப். லாரி பழுது பார்க்கும் உக்ரைன்காரன்.

தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். தாழ்வாரத்தில் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, இருவரும் தெரிந்த சில்லறை ஆங்கிலத்தை மாற்றிக்கொண்டார்கள்.

"எங்க வலி?"

"இங்க. கத்தி!"

"யாரு வச்ச கத்தி? புருஷனா?"

"ஐயோ, இல்ல! கத்தி மாதிரி. உள்ள."

ஒரே வாரத்தில் எட்டு வார்த்தை ஏறிவிட்டது. ஒன்பதாவது ஏறுவதற்குள் பிளென்கின்சாப் அந்த வழியாக வந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஹேசல், இது நிதியற்ற உரையாடல்! எழுத்துக் கணக்குல பேச்சு நடந்திருக்கு. தணிக்கையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

மறுநாள் தேநீர் இயந்திரம் அகற்றப்பட்டது.

தேர்வுக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: குப்பைத் தொட்டியை நகராட்சி எடுக்கவில்லை, புகார்க் கடிதம் எழுதுக. குலிசார் அதை நாற்பது முறை எழுதினாள். தூக்கத்தில் எழுப்பினாலும் வலது மேல் மூலையில் தேதி போடுவாள். வகுப்பு முழுவதும் தேறியது. 'நூறு விழுக்காடு' என்று வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள்.

சான்றிதழோடு டாக்டரிடம் தனியாகவே போனாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும், வீட்டிலேயே எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினாள்.

'ஐயா, மிகுந்த வருத்தத்துடன் இதை எழுதுகிறேன். என் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி இரண்டு வருடமாக அப்புறப்படுத்தப்படாமல் கிடக்கிறது.'

"அடடா, என் மகன்கூட இப்படி எழுத மாட்டான்!" என்றார் டாக்டர். பிறகு வாயருகே கையைக் கொண்டுபோய், "சாப்பிட்ட உடனே வருதா?" என்று கேட்டார்.

தெரிந்த எட்டு வார்த்தையில் ஒன்றுகூடச் சாப்பாட்டைப் பற்றியது இல்லை. அவள் பேனா கேட்டாள். தேதி போட்டாள். மருத்துவமனை முகவரி எழுதினாள். 'ஐயா, தங்கள் கேள்வி தொடர்பாக' என்று தொடங்கும்போது அவளுக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் முடிந்துவிட்டது. டாக்டர் அவள் மோதிரத்தைச் சுட்டி, "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். பழைய மாத்திரையே வந்தது.

அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கு பத்தி, ஒரு பிழை இல்லை. 'எனக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டு வாயைப் பூட்டினீர்கள். வலி அங்கேயேதான் இருக்கிறது' என்று முடித்திருந்தாள்.

பிளென்கின்சாப்புக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். நன்றி சொல்லத் தொலைபேசியில் அழைத்தார். குலிசார் அதை வாங்கிய வேகத்தில் செர்ஹாத் கையில் திணித்தாள். "உன் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிட்டாராம்" என்றான் அவன்.

"மாட்டினது போதும், படிக்கச் சொல்லு! படிச்சிட்டு, என் வயித்துல இருக்கிறதை எந்த வாயால சொல்றதுன்னு அந்த ஆளே எனக்குச் சொல்லட்டும்!" ஐந்து நிமிடம் கத்தினாள். விலாவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

செர்ஹாத் பொறுமையாகக் கேட்டான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரொம்ப நன்றின்னு சொல்றாங்க, சார்."

"பாத்தீங்களா!" என்றார் பிளென்கின்சாப். "பேச்சு இல்லாமலே எல்லாம் புரியுது!" அன்று மாலையே, அடுத்த ஆண்டின் பேச்சு நிதி முழுவதையும் அவர் எழுத்துக்கு மாற்றிவிட்டார்.