எண்பது வருஷ கம்ப்ளெயிண்ட்

பஞ்சவர்ணம் ஹோட்டல் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுவருக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு ‘டொக்’. பிறகு வரிசையாக, நிதானமாக, குளியலறைப் பக்கம் ஆரம்பித்துக் கட்டிலின் தலைமாடு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

பஞ்சவர்ணம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“இன்னாய்யா அது?”

“ஒண்ணுமில்லமே. நீ தூங்கு” என்றான் கஜபதி. சொல்லும்போதே அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பிடிக்காமல் என்ன செய்யும்? ஆவடி ராணுவ டாங்கி பேக்டரியில் அவன் பிட்டர், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். எந்த மெஷின் நின்றாலும் “கூப்பிடு கஜபதியை” என்பார்கள். ஆனால் குவார்ட்டர்ஸில் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கம் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஐந்துக்கு ஷிப்டு சாப்பாடு. மத்தியானம் தலையைச் சாய்த்தால் மைதானத்தில் டாங்கி ஓட்டிப் பார்ப்பார்கள், அலமாரியிலுள்ள பாத்திரமெல்லாம் ஆடும். போதாததற்கு வீட்டு ஃபேன் ஆறு வருஷமாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. ஊர் மெஷினையெல்லாம் பார்க்கிறவனுக்கு அதைப் பார்க்க மட்டும் நேரம் வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பஞ்சவர்ணம் வாங்கிய மிக்ஸிக்குக் குலுக்கலில் முதல் பரிசு விழுந்தது. மெட்ராஸில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற ஹோட்டல் பெல்மோரில், இரண்டு பேர் ஒரு நாள் இலவசமாகத் தங்கலாம்.

“நான் ஒண்ணும் சுத்திப் பாக்க வரல. துன்றதுக்கும் வரல” என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். “ஒரே ஒரு பகல், யாரும் எழுப்பாம தூங்கணும். அத்த மட்டும் வாங்கிக் குடு. அதுகூட ஒன்னால முடியலேன்னா இன்னிமே எங்கிட்ட பேசவே பேசாத.”

கஜபதி தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

‘டொக், டொக்’ என்றது சுவர்.

பஞ்சவர்ணம் இரண்டாவது கண்ணையும் திறந்தாள். கஜபதி பாய்ந்துபோய் அழைப்பு மணியை அழுத்தினான். பேரர் துலுக்காணம் வந்து, தேக்குக் கதவை உடைத்துவிடுவதுபோலத் தட்டினார். அவருக்கு அறுபது வயதிருக்கும், தலைப்பாகையும் வெள்ளை உடுப்புமாக இருந்தார்.

“சொவத்துல சத்தம் வருதுங்க” என்றான் கஜபதி.

“கேட்டுதா நைனா?” துலுக்காணத்தின் முகம் மலர்ந்தது.

“கேக்காம இன்னா? மொதல்ல அத்த நிறுத்துங்க.”

துலுக்காணம் நல்ல ஜோக்கைக் கேட்டதுபோலச் சிரித்தார். “நிறுத்தறதா! இரு, மேனேஜரை இட்டாறேன்.”

மேனேஜர் வரதன் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தார். கையில் தோல் அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டு. அதைப் பூப்போல மேஜைமேல் வைத்துப் பேனாவையும் நீட்டினார்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எந்தப் பக்கம் கேட்டது, எல்லாத்தையும் விவரமா எழுதுங்க சார். ஆரம்பத்திலேருந்தே நாங்க ரெக்கார்டு வெச்சிருக்கோம்.”

கஜபதிக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பேக்டரியிலும் இப்படித்தான். ரிப்பேர் என்றால் முதலில் நோட்டில் ஏற வேண்டும். பக்கங்களைப் புரட்டினான். எல்லாம் இங்கிலீஷ். தேதி, நேரம், அறை எண் பன்னிரண்டு, கையெழுத்து. ‘சத்தம்’, ‘சுவர்’, ‘மூன்று மணி’ என்பதற்கான வார்த்தைகள் மட்டும் அவனுக்குப் பிடிபட்டன. புரட்டப் புரட்ட மை மங்கிக்கொண்டே போயிற்று. முதல் பக்கத்தில் 1911 என்று இருந்தது.

நடப்பது 1991. கஜபதி மனசுக்குள் கழித்துப் பார்த்தான்.

“எம்பது வருசமாவா கம்ப்ளெயிண்ட் வருது?”

“ஒரு வருஷம்கூட விட்டுப்போனதில்லை சார்” என்றார் வரதன் பெருமையாக.

“ஒருத்தர்கூட சரி பண்ணலியா?”

“சேச்சே. நாங்க யாரையும் அதுல கை வைக்க விட்டதில்லை.”

இப்படியும் ஒரு நிர்வாகம் இருக்குமா? கஜபதியின் வேலையில் ஒரு சட்டம் உண்டு. நோட்டில் ஏறிய புகாரை அந்த ஷிப்டு முடிவதற்குள் சரிசெய்து, கீழே ‘அட்டெண்டட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் சர்வீஸில் ஒரு புகார்கூட மறுநாளைக்குத் தங்கியதில்லை.

“அப்போ எங்களுக்கு வேற ரூமு குடுங்க.”

“தாராளமா தரேன் சார். ஆனா இந்த ரூம் கிடைச்சவங்க யாரும் வேற ரூம் கேட்டதில்லை. நீங்க அதிர்ஷ்டசாலி.”

வரதன் கிண்டல் செய்கிறார் என்றே கஜபதி நினைத்தான். பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“இன்னொரு தபா மூட்ட கட்ட என்னால ஆவாது. அல்லாரும் வெளிய போய்ப் பேசறீங்களா?”

மேனேஜரும் பேரரும் நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கஜபதி சட்டையைக் கழற்றினான். எண்பது வருஷமாக ஒருவனும் தொடாததை இன்று தொட்டே தீருவது என்று முடிவு செய்துவிட்டான்.

சத்தம் குளியலறைப் பக்கம் கிளம்புகிறது. அங்கே சுவரோடு ஒரு மரப்பலகை அடித்திருந்தது. இடுக்கில் ஒரு தலையணையைத் திணித்தான். சத்தம் நின்றது. வெற்றி என்று திரும்பினான். இப்போது அதே சத்தம் கட்டிலின் தலைமாட்டில் மட்டும், இரண்டு மடங்காக வந்தது.

“எங்காதுகிட்ட இட்டாந்து வுட்டுட்டியா?” என்றாள் பஞ்சவர்ணம்.

தலைமாட்டுச் சத்தத்தை அடக்க, மூலையிலிருந்த ஆளுயர அலமாரியைச் சுவரோடு சேர்த்து அழுத்தலாம் என்று தோன்றியது. இழுத்தான். அலமாரி போட்ட ஓலத்தில் ஜன்னலோரப் புறாக்களெல்லாம் பறந்தன. சுவரில் மாட்டியிருந்த மீசைக்கார வெள்ளைக்காரர் படம் கஜபதியின் தோளில் விழுந்தது. படத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தான்.

“யோவ், பேசாம வா, டாங்கி சத்தத்துலயே போய்ப் படுத்துக்கறேன்.” பஞ்சவர்ணத்தின் குரலில் இப்போது கோபம் இல்லை. அழுகை இருந்தது. அதுதான் கஜபதியைச் சுட்டது.

“பத்தே நிமிசம் குடுமே.”

பையைத் திறந்து, வேட்டி மடிப்புக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்தான்.

“ஹோட்டலுக்கு ஸ்பேனரா? பவுடர் டப்பா வெக்க எடமில்லன்னு சொன்னியேய்யா!”

“கைல இல்லாட்டி எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்மே.”

ஐம்பது பைசா காசால் பலகைத் திருகுகளைக் கழற்றினான். உள்ளே பழைய இரும்புக் குழாய் ஒன்று சுவர் நெடுக ஓடியது. தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். நல்ல கொதி. விஷயம் விளங்கிவிட்டது. மூன்று மணிக்குக் கீழே பாய்லரைப் பற்றவைக்கிறார்கள். வெந்நீர் ஏறும்போது குழாய் சூடாகி நெளிகிறது. பிடித்திருக்க வேண்டிய வளையம் தளர்ந்துபோனதால் போய்ச் சுவரில் இடிக்கிறது. ஒரு போல்ட்டு, அவ்வளவுதான்!

அவசரத்தில் பக்கத்துப் போல்ட்டைத் திருகிவிட்டான். வெந்நீர் பீய்ச்சிக்கொண்டு வந்து கதவில் மாட்டியிருந்த பஞ்சவர்ணத்தின் பட்டுப்புடவையை நனைத்தது. அவள் எழுந்து வந்து, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

கஜபதி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் போல்ட்டை மூடினான். சரியான போல்ட்டைத் தேடிப் பிடித்து, எண்பது வருஷத் துரு கிரீச்சிட, முழுபலத்தோடு ஒரு திருகு திருகினான்.

நிசப்தம்.

இருவரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். சுவர் வாயே திறக்கவில்லை.

“நின்னுடுச்சாய்யா?”

“எங்கைல பட்டா நிக்காம?”

பஞ்சவர்ணம் படுத்தாள். அடுத்த நிமிஷமே குறட்டை வந்தது. கஜபதி அலமாரியை அங்குலம் அங்குலமாகத் தூக்கி வைத்தான். படத்தை மாட்டினான். ஈரப் புடவையை ஜன்னலில் காயப்போட்டான். பிறகு நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் காபி கொண்டுவந்த துலுக்காணத்தை, உதட்டில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பினான். ராத்திரி விருந்துக்குக் கூப்பிட வந்தபோதும் அதேதான். பசித்தது. ஆனால் கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒரு வேலைதான் பாக்கி. நோட்டை எடுத்து எழுதினான்: ‘அட்டெண்டட். பைப் வளையம் டைட் செய்யப்பட்டது. இனிமேல் சத்தம் வராது. கஜபதி, பிட்டர், ஆவடி.’

பஞ்சவர்ணம் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தாள். பதினாறு மணி நேரம்! முகம் பத்து வயது குறைந்திருந்தது.

“சொன்னத செஞ்சிட்டய்யா” என்றாள். அப்புறம், “ஊட்டு ஃபேனையும் இதேமாரி ஒரு கை பாரு” என்றாள்.

இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். கூடத்தில் மேனேஜர் வரதன், வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் குழைந்துகொண்டிருந்தார். அவர்கள் காலடியில் பெரிய டேப்ரிக்கார்டரும் மைக்கும் இருந்தன. கஜபதி தானே கொண்டுவந்திருந்த நோட்டை நிமிர்ந்த நெஞ்சோடு வரதனிடம் நீட்டினான்.

“கம்ப்ளெயிண்ட் முடிஞ்சிது சார். இன்னும் எம்பது வருசத்துக்கு சத்தம் வராது.”

வரதன் கடைசி வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளைக்கார அம்மாள் பதறி விசிறினாள்.

“சந்தோசத்துல வந்த மயக்கமாய்யா?” என்று பஞ்சவர்ணம் கிசுகிசுத்தாள்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்த பேரர் துலுக்காணம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இன்னா நைனா இப்டி பண்ட்டே! அந்த ரூமுல செத்துப்போன துரையோட ஆவி மூணு மணிக்கு நடக்கற சத்தத்தைக் கேக்கத்தான் இவங்க சீமைலேந்து வந்துகீறாங்க. எம்பது வருசமா நடந்துகினு இருந்த மனுசனை ஒரே ஸ்பேனர்ல மறுபடியும் சாவடிச்சிட்டியே!”