பாம் பாம் அண்ணன் அடித்த ஹாரன்

கோம்பையில் கோழி கூவி யாரும் எழுந்ததாக எனக்குத் தெரியாது. எங்கள் தெரு விடிவதே பாம் பாம் அண்ணன் ஹாரன் அடித்தால்தான். கேரளா மலைக்கு ஏலக்காட்டு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். மற்ற டிரைவர்கள் மிஸ்டு கால் கொடுத்து ஆள் கூப்பிட ஆரம்பித்த பிறகும், இவர் வாசலுக்கு வாசல் நின்று ஹாரனை அமுக்குவார். பூட்டிக் கிடக்கும் வீட்டையும் விடமாட்டார். குறுக்கே நின்ற எருமை ஒதுங்கிப் போன பிறகும் அமுக்கிக்கொண்டே இருப்பார்.

பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். பிள்ளை தூங்கும்போதே நழுவினால்தான் அழுகையில்லாமல் வண்டி ஏறலாம். இந்த மனிதரோ ஊரையே எழுப்பிவிடுவார். என் எதிர்வீட்டுப் பேச்சியம்மா, மகன் சதீஷின் காதில் பஞ்சை அடைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

நான் பால்வாடி டீச்சர். சதீஷுக்கு நாலு வயது. மதியம் தூங்கப் பாய் விரித்தால் போதும், பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கடித்துவிடுவான். தடுக்கப்போன என் கையிலும் பல் பதிந்திருக்கிறது. திருநீறு பூசினார்கள், வீரபாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடிபட்ட பிள்ளைகளின் வீட்டார் சண்டைக்கு வர, இன்னொரு முறை கடித்தால் அவனைச் சேர்க்காதே என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பால்வாடியும் இல்லையென்றால் அவனைச் சேலையால் தூணில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் பேச்சியம்மா மலையேற வேண்டும். அப்படிக் கட்டுண்டு கிடந்த ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

ஹாரனுக்குப் பயந்துதான் பையன் இப்படி ஆகிவிட்டான் என்று நினைத்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அண்ணனிடம் போனேன். பஞ்சு விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், முகம் சுண்டிப்போனது.

"நான் தூங்கையில மலைக்குப் போனவதான் டீச்சர் எங்காத்தா. திரும்பல. பிள்ளைக முழிச்சுக்கிறட்டும்னுதான இம்புட்டும் அடிக்கிறேன். கண்ண மூடுனா ஆத்தா காணாமப் போயிருவான்னு அவன் நெனைக்கிறான். பெறகு பாயக் கண்டா கடிக்காம என்ன செய்வான்?"

மறுநாள் விடியற்காலை பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சதீஷைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் மடியில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளகிட்ட சொல்லிட்டு ஏறு ஆத்தா. அழுதா அழட்டும்."

அழுதான். அழுதுகொண்டே அவனே ஹாரனை அமுக்கினான். ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் நேரமாகிறது என்று திட்டினார்கள். தினமும் இதே கூத்துதான். ஆனால் கொஞ்ச நாளில் பையன் மதியம் தூங்க ஆரம்பித்தான். என் கையும் பிழைத்தது.

அந்த மழைக்காலத்தில், ஆட்களை மலையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, வளைவு ஒன்றில் ஜீப் உருண்டுவிட்டது. அண்ணனும் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வேறு ஜீப் வந்தது, சத்தமே போடாமல். சதீஷ் தானாகவே எழுந்து வந்து வாசலில் நின்று, வாயாலேயே "பாம் பாம்" என்று அடித்து அம்மாவை அனுப்பிவைத்தான். மதியம் பாய் விரித்தேன். படுத்ததும் தூங்கிவிட்டான்.

யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது எனக்குத்தான்.