எண்பது விழுக்காட்டுப் போர்

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கணவர், "லேப்டாப்பைச் சார்ஜ்ல போட்டுடு, வந்து பாக்கறேன்" என்றார். அவள் போட்டாள். அவர் வரவில்லை, மருத்துவமனையிலிருந்து தொலைபேசிதான் வந்தது.

மாதங்கள் சில கழிய, அம்மடிக்கணினிக்கு வாரிசாகி, அச்சகத்துப் பணிக்கு மீளத் துணிந்த மெய்ப்புத் திருத்துநரே, வாழி. பத்திக்குள் பதுங்கிய பிழையைப் பருந்தெனக் கவ்வும் ஊசிக்கண்ணாளே, வாழி. சுவிட்ச் பெட்டிக்கு எட்டாத மூலையில் நாற்காலி வாய்த்தும், நாள் முழுதும் பேட்டரியில் ஓட்டிவிடலாமென்று நம்பிய நெஞ்சுரமே, நீ வாழி.

அந்த நம்பிக்கையின் மேல் இடி விழுந்தது. எழுபத்தொன்பது வரை யானைப்படை போல் அசைந்தசைந்து ஏறிய மின்னூட்டம், எண்பதைத் தொட்டதும், அகழியைக் கண்ட குதிரையாய்க் காலூன்றி நின்றுவிட்டது. இரவு முழுதும் விட்டாலும் எண்பது. விடிந்து பார்த்தாலும் எண்பது.

கொழுந்தன் போனில் தீர்ப்பு வழங்கினான்: "பேட்டரி செத்துருச்சு அண்ணி. ஞாயித்துக்கிழமை புது லேப்டாப்பே எடுத்துட்டு வரேன். பழசைக் குடுத்தா கழிச்சுக்குவாங்க."

செத்துருச்சு என்ற சொல் அவள் காதில் ஈட்டியாய் இறங்கிற்று. அவர் விரல் பட்டுத் தேய்ந்த எழுத்துப் பலகையைக் கடைக்காரனிடம் கொடுப்பதா? ஞாயிறு புலருமுன் இதற்கு உயிர் தராவிடில் தான் மெய்ப்புப் பார்ப்பவளே அல்லள் என்று, காபி தம்ளர் சாட்சியாக, அவள் சூளுரைத்தாள்.

போர் மூண்டது. அடுக்களை, கூடம், குளியலறை வாசல் என வீட்டின் எல்லாத் துளைகளிலும் சார்ஜரைச் செருகினாள், எண்பது. பல்குச்சி முனையில் பஞ்சு சுற்றிச் சார்ஜர் நுழையும் பொந்துக்குள் புகுந்து, ஆண்டாண்டாய்க் கோலோச்சிய தூசிக் குறுநிலமன்னனை வேரோடு பெயர்த்தெடுத்தாள், எண்பது. கணினியை அணைத்துப் பவர் பட்டனை, பகைவன் குரல்வளையைப் பற்றியவள்போல், விரல் வெளுக்க அழுத்திப் பிடித்தாள், எண்பது. கடைசித் துளி வரை வடியவிட்டு, இருண்ட திரையின் முன் மூச்சடக்கிக் காத்து, மறுபடி ஏற்றினாள். ஆமை வேகத்தில் ஏறி, அலுங்காமல் குலுங்காமல், எண்பது.

"உனக்கு அவ்வளவு திமிரா?" என்று அவள் கேட்டாள். அடாப்டரின் பச்சை விளக்கு இமைக்கவே இல்லை.

ஞாயிறன்று புதுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொழுந்தன் வந்தான். பழையதிலுள்ள கோப்புகளை மாற்றுவதற்காகத் திறந்தவன், செட்டிங்ஸில் எதையோ தட்டி, சிரித்துவிட்டான்.

"அண்ணி, இதுக்கு ஒண்ணுமே இல்ல. எண்பதுக்கு மேல ஏறக் கூடாதுன்னு அண்ணன் தான் வச்சிருக்கான். முழுசா ஏத்துனா பேட்டரிக்கு ஆயுசு கம்மியாம்."

ஆயுசு என்றவன் சட்டென நிறுத்தித் திரையைத் துடைப்பதுபோல் பாவனை செய்தான். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் தான் கோட்டை முற்றுகையிட்டு மோதியது செத்த பேட்டரியோடு அன்று. சிக்கனத்தில் சிங்கமான தன் வீட்டுக்காரரோடு.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல மனுஷன்."

"நூறாக்கிடவா அண்ணி? ஒரு தட்டுதான்."

கொழுந்தனின் விரல் பிரம்மாஸ்திரமாய்த் திரைமேல் உயர்ந்து நின்றது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம், விடு. நீ அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டு, வரும்போது நீளமா ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கிட்டு வா. அந்த மூலைக்கு எட்டணும்."

அவ்வாறே, குடை நிகர்த்த புகழும் கொடி நிகர்த்த கருப்பு ஒயரும் தோளில் துவள, உடன் பணியாற்றுவோர் கால்களையெல்லாம் தூக்கி வழிவிட, வெற்றித் திருமகள் அச்சகம் புகுந்து தன் மூலையில் அமர்ந்தாள்.

லேப்டாப் இன்னும் எண்பதுக்கு மேல் ஏறுவதில்லை.